லினக்ஸில் தமிழ் சிதைந்து தெரிந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

லினக்ஸ் கணினியில் தமிழ் சரியாகத் தெரியவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே இரண்டு காரியங்களைச் செய்திருப்பார்கள். கண்ணில் பட்ட எழுத்துருக்களையெல்லாம் இறக்கி நிறுவியிருப்பார்கள். கோப்பை ஏதோ ஒரு குறியேற்ற மாற்றியில் (எழுத்துகளைக் கணினி எண்களாகப் பதியும் முறையை மாற்றும் கருவியில்) போட்டு எடுத்திருப்பார்கள். முதலாவதால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டாவது ஆபத்தானது.

பள்ளி ஆண்டு மலருக்காக ஓர் ஆசிரியை திரட்டிய கட்டுரைகள் அப்படித்தான் பாழாயின. அவருடைய கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை; அதனால் எல்லாம் கட்டமாகத் தெரிந்தன. கோளாறு அவ்வளவுதான். உரை, இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடில் பழுதில்லாமல் இருந்தது. உதவிக்கு வந்தவர் அதைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த உரை என்று எண்ணி மாற்றியில் போட்டு, அதே பெயரில் சேமித்துவிட்டார். பாமினியில் கமா விசைதான் இகரம், அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே கமா இருந்த இடமெல்லாம் ஓர் ‘இ’ வந்து உட்கார்ந்தது, அரைப்புள்ளிகள் மெய்ப்புள்ளிகளாயின, மாணவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் பொருளற்ற தமிழெழுத்துக் கோவைகளாயின. மூலப்பிரதி இல்லை. இரண்டு இரவு உட்கார்ந்து கையால் திருத்தினோம்.

எனவே எந்தப் பிழையாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கெட்டது எழுத்துருவா, எழுத்தா? விடை காண்பது எளிது. கோப்பை நகலெடுத்துக்கொள்ளுங்கள். நகலைக் கைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். கைபேசியில் ஒழுங்காகத் தெரிந்தால் உரை நலமாக இருக்கிறது, கணினியில்தான் குறை. கைபேசியிலும் கிறுக்கலாகத் தெரிந்தால் கணினியைத் தொடாதீர்கள். உரையைத்தான் பார்க்க வேண்டும்.

கீழே வரும் கட்டளைகளையும் பொதிகளின் (நிறுவத்தக்க மென்பொருள் கட்டுகளின்) பெயர்களையும் ஒலிக்கும்படி தமிழில் தந்திருக்கிறேன். கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

## அறிகுறி 1: தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்

கட்டத்தை உற்றுப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி அந்தக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் நான்கு குறிகளைக் காட்டும். அவை சுழியம், பி என்று தொடங்கினால் உரை யூனிகோடுத் தமிழ். எந்தப் பழுதும் இல்லை. ஆங்கில ‘ஈ’ எழுத்தில் தொடங்கினால் அது தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 குறியேற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு அதற்கென உரிய எழுத்துரு வேண்டும், அல்லது யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். நோட்டோ, லோஹித் எழுத்துருக்களை எத்தனை முறை நிறுவினாலும் பயன் இருக்காது.

### எல்லாச் செயலிகளிலும் கட்டம்

எழுத்துரு இல்லை. உறுதி செய்ய, டெர்மினலில் ‘எஃப்சி-லிஸ்ட் :லேங்=டிஏ’ என்று தட்டுங்கள். தமிழை முழுமையாகத் தாங்கும் எழுத்துருக்களின் பட்டியல் வரும். ஒரு வரிகூட வராவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. டெபியன், உபுண்டு, மின்ட் ஆகிய லினக்ஸ் வழங்கல்களில் ‘ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்’ அல்லது ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்’ பொதியை நிறுவுங்கள். ஆர்ச்சில் ‘நோட்டோ-ஃபான்ட்ஸ்’. ஃபெடோராவில் மென்பொருள் மையத்தில் நோட்டோ சான்ஸ் டமில் என்று தேடினால் கிடைக்கும். ஒன்றே போதும். பத்து எழுத்துருக்களைக் குவித்தால் எந்தச் செயலி எதை எடுத்துக்கொள்கிறது என்பது பிறகு பெரும் குழப்பமாகும்.

### நிறுவிய பிறகும் கட்டம்

செயலியை முழுவதும் மூடித் திறந்தீர்களா? லிப்ரெ ஆபீஸ் ஒரு சாளரத்தை மூடினாலும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் சரியென்றால் ‘எஃப்சி-கேஷ் -எஃப்’ கட்டளையைக் கொடுங்கள். எழுத்துருக் கோப்பைக் கையால் நகலெடுத்துப் போட்டிருந்தால், அது உங்கள் முகப்பு அடைவில் ‘.லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ்’ என்ற இடத்தில் இருக்கிறதா, அதைப் படிக்கும் அனுமதி உங்கள் பயனர் கணக்குக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பென் டிரைவிலிருந்து நிர்வாகிக் கணக்கில் நகலெடுத்த கோப்புகளில் இந்த அனுமதிக் குறையைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

### ஃபயர்ஃபாக்ஸில் மட்டும்

அமைப்புகளில் எழுத்துருப் பகுதியில் ‘அட்வான்ஸ்டு’ பொத்தானை அழுத்தி, மேலே தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழுக்கென்று தனி எழுத்துருத் தேர்வு அங்கே இருக்கிறது. நீக்கிவிட்ட பழைய எழுத்துரு ஒன்றின் பெயர் அதில் தங்கியிருக்கலாம்.

### சர்வரில் உருவாகும் பிடிஎஃப் ரசீதுகளில் மட்டும்

உங்கள் கணினியில் எழுத்துரு இருப்பது இங்கே உதவாது. பிடிஎஃப் உருவாகும் இடத்தில் இருக்க வேண்டும். டாக்கர் பெட்டகத்தில் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் சூழலில்) ஓடும் நிரல் என்றால் அந்தப் பெட்டகத்தின் உள்ளேயே எழுத்துருப் பொதியை நிறுவ வேண்டும். வெளியே இருக்கும் கணினியில் நிறுவினால் போதாது. சர்வரில் நிர்வாகி உரிமை உங்களுக்கு இல்லையென்றால் இந்த இடத்தில் நிறுத்தி, பொதியின் பெயரைக் குறிப்பிட்டு நிர்வாகிக்கு எழுதுங்கள். அவருக்கு ஐந்து நிமிட வேலை.

## அறிகுறி 2: எழுத்து தெரிகிறது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன

### புள்ளிகளால் ஆன சிறு வட்டம் கூடவே தெரிகிறது

‘◌’ என்ற அந்த வட்டம் நல்ல சாட்சி. உயிர்மெய்க் குறி ஒன்று தன் மெய்யைக் காணாமல் தனியே நிற்கிறது என்பதை அது சொல்கிறது. பழைய தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டினால் இப்படி ஆகும். எழுத்துருவில் குறை இல்லை. உரையில் வரிசை தவறியிருக்கிறது. ஓரிரு இடம் என்றால் அழித்துவிட்டு எழுத்தை முதலிலும் குறியைப் பிறகும் தட்டுங்கள். கோப்பு முழுவதும் இப்படி என்றால் அது அரைகுறையாக மாற்றப்பட்ட உரை. மூலக் கோப்பைத் தேடி, மறுபடி ஒழுங்காக மாற்றுவதே நல்லது. இதைத் திருத்த உட்கார வேண்டாம்.

### வட்டம் இல்லை, ஆனால் ‘கெ’ என்பதில் கொம்பு வலப்பக்கம் விழுகிறது

உரை சரி, எழுத்துரு சரி. அந்தச் செயலிக்குத் தமிழைக் கோக்க, அதாவது குறிகளை உரிய இடத்தில் சேர்க்கத் தெரியவில்லை. அதே உரையை ஒரு சாதாரண உரைத் திருத்தியில் ஒட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக வந்தால் சந்தேகம் தீர்ந்தது. பக்க வடிவமைப்புச் செயலியான ஸ்க்ரைபஸின் 1.4 வரிசையில் இந்தக் குறை இருந்தது. 2024 ஜனவரியில் வெளிவந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காகக் கோத்து வருகிறது. பழையதை வைத்துக்கொண்டு போராட வேண்டியதில்லை. பைத்தானில் பில்லோ நூலகத்தால் படத்தின் மேல் தமிழ் எழுதுகிறவர்கள் ராக்ம் நூலகம் கணினியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் கொம்பு எந்நாளும் வலப்பக்கம்தான் விழும்.

### டெர்மினலில் மட்டும்

க்னோம் டெர்மினல் ஒவ்வொரு குறிக்கும் ஒரே அகலமுள்ள அறை ஒதுக்குவதால் தமிழ் அங்கே உடைந்துதான் தெரியும். எழுத்துரு மாற்றினாலும் தீராது. தமிழ்க் கோப்பைத் திருத்த வரைகலை உரைத் திருத்தியைப் பயன்படுத்துங்கள்.

## அறிகுறி 3: தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிறுக்கல்

இங்கேதான் மிகுதியான சேதம் நடக்கிறது. ஆகவே நிதானமாகப் பாருங்கள். கிறுக்கல் எல்லாம் ஒன்றல்ல. அதன் தோற்றமே காரணத்தைச் சொல்லிவிடும்.

### தலையில் சாய்கோடு போட்ட ‘ஏ’ திரும்பத் திரும்ப வருகிறது

ஆங்கிலச் சிறிய ‘ஏ’ எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு. அதன் பின்னால் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட பதிவுக் குறி, அல்லது மேலே ஒரு சிறு கோடு. பிறகு ஏதோ ஒன்று. மறுபடியும் அதே ‘ஏ’. இந்த மூன்று மூன்றான தாளம் தெரிந்தால் மனம் தளர வேண்டாம்: உரை முழுதாக இருக்கிறது. யூனிகோடு உரையைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். செயலி அந்த மூன்றையும் மூன்று தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்துவிட்டது.

முதலில், எதையும் சேமிக்காமல் மூடுங்கள். உரைத் திருத்தியில் திறக்கும்போதே குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள். அட்டவணைக் கோப்பு என்றால் லிப்ரெ ஆபீஸ் கால்க் திறக்கும் முன் ஒரு சாளரத்தைக் காட்டும்; அதில் எழுத்துக் கணம் என்ற இடத்தில் யூனிகோடு யூடிஎஃப்-8 இருக்க வேண்டும். பலர் அந்தச் சாளரத்தைப் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுகிறார்கள். பத்தில் ஒன்பது முறை இத்தோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், யாரோ ஒருவர் கிறுக்கலாகத் தெரிந்த நிலையிலேயே அதைச் சேமித்துவிட்டார் என்று பொருள். அப்போதும் வழி இருக்கிறது. பைத்தானின் ‘எஃப்டிஎஃப்ஒய்’ நூலகம் இதற்காகவே எழுதப்பட்டது. ஆனால் மீண்டு வந்த உரையை மெய்ப்புப் பார்க்காமல் விடாதீர்கள். மெய்ப்புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகிய நான்கின் கடைசிப் பைட்டுக்கும் பழைய விண்டோஸ்-1252 குறியேற்றத்தில் இடமே கிடையாது. சில செயலிகள் அவற்றைச் சேமிக்கும்போது உதிர்த்துவிடும். ‘அம்மா’ என்பது ‘அமமா’ என்று திரும்பி வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. புள்ளிகள் உதிர்ந்த உரையை எந்தக் கருவியும் நம்பத்தக்க முறையில் மீட்டுத் தராது. தமிழ் அறிந்த ஒருவர் படித்துத் திருத்த வேண்டும்.

### வெறும் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்

‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றனவா? அது பாமினி. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் மிகப் பரவலாக இருந்த எழுத்துரு. தமிழ்நாட்டு அச்சகங்களின் பழைய கோப்புகளிலும் கிடைக்கும். கோப்பில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தாம். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் தந்துகொண்டிருந்தது.

படிக்க மட்டும் வேண்டுமானால் அந்த எழுத்துருவை நிறுவினால் போதும். யூனிகோடாக வேண்டுமானால் மாற்ற வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நூலகத்தில் பாமினி உட்படப் பல பழைய குறியேற்றங்களுக்கு மாற்றிகள் இருக்கின்றன. முதலில் ஒரே ஒரு பத்தியை மாற்றிப் பாருங்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்த ஆவணம் என்றால் முழுக் கோப்பையும் மாற்றியில் போடக் கூடாது. ஆண்டு மலருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும். லிப்ரெ ஆபீஸ் தேடல் சாளரத்தில் எழுத்துருவின் பெயரைக் கொண்டு தேடி, பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுங்கள்.

### ஆங்கிலச் சொற்கள் ஒழுங்காக இருக்கின்றன, தமிழ் மட்டும் தலைக்குறி போட்ட எழுத்துகளாக நிற்கிறது

மூன்று மூன்றான தாளம் இல்லை. நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்களைப் படிக்க முடிகிறது. அப்படியானால் அது டிஸ்கி அல்லது டாப் என்ற பழைய குறியேற்றம். இரண்டும் ஆங்கிலத்தின் இடத்தைத் தொடாமல் மேல்பாதி 128 இடங்களில் தமிழை வைத்தவை. டிஸ்கி, மின்னஞ்சல் குழுக்களின் காலத்தில் பரவியது. டாப், 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது.

வெறும் உரைக் கோப்பு டிஸ்கியில் இருந்தால் எதையும் புதிதாக நிறுவ வேண்டாம். லினக்ஸோடு வரும் ‘ஐகான்வ்’ கருவிக்கே டிஸ்கி தெரியும். ‘ஐகான்வ் -எஃப் டிஎஸ்சிஐஐ -டி யூடிஎஃப்-8’ என்று தட்டி, கோப்பின் பெயரைக் கொடுத்து, ‘-ஓ’ போட்டு வேறொரு புதுப் பெயரைத் தாருங்கள். அதே பெயரைத் தராதீர்கள். வந்தது ஒழுங்காகப் படிக்க வந்தால் டிஸ்கிதான். பாதி சரியாகவும் பாதி தவறாகவும் வந்தால் டாப் என்று எண்ணி ஓப்பன்-தமிழில் முயலுங்கள்.

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்புச் செயலியில் கோத்த பழைய புத்தகம், இருநூறு பக்கம், நான்கைந்து எழுத்துருக்கள் என்றால் இதை வீட்டில் முடிக்க முயல வேண்டாம். அந்த எழுத்துருக்களோடு வேலை செய்து பழகிய டிடிபி கலைஞர் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார். மாற்றுவதற்கும் மெய்ப்புப் பார்ப்பதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

### எல்லாம் கேள்விக்குறி

டெர்மினலில் கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிடும்போது மட்டும் கேள்விக்குறி என்றால் அச்சம் வேண்டாம். ‘லோகேல்’ என்று தட்டுங்கள். ‘லேங்’ என்ற வரி யூடிஎஃப்-8 என்று முடிய வேண்டும். வெறும் ‘சி’ என்றோ ‘போசிக்ஸ்’ என்றோ இருந்தால் கணினியின் மொழி அமைப்பைச் சரிசெய்யுங்கள். டெபியன் வகைகளில் ‘டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லோகேல்ஸ்’ போதும்.

கோப்புக்குள்ளேயே கேள்விக்குறிகள் என்றால், கைபேசியிலும் அப்படியே தெரிந்தால், அந்தத் தமிழ் போய்விட்டது. மாற்றியவர் தமிழுக்கு இடமில்லாத குறியேற்றத்தில் சேமித்திருக்கிறார்; ஒவ்வோர் எழுத்தும் ஒரே கேள்விக்குறியாகிவிட்டது. எந்த மாற்றியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மின்னஞ்சல் இணைப்பு, பழைய காப்புப்பிரதி, அனுப்பியவரின் கணினி என்று மூலத்தைத் தேடுங்கள்.

தரவுத்தளத்தில் இது நடந்திருந்தால் உடனே நிறுத்துங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0 வருவதற்கு முன், தானாக அமையும் குறியேற்றம் லத்தீன்-1 ஆக இருந்தது. அதில் ஓடும் பழைய நிறுவல்கள் இன்னும் இருக்கின்றன. சில வரிசைகளில் கேள்விக்குறியும் சில வரிசைகளில் சாய்கோடு போட்ட ‘ஏ’யும் கலந்திருந்தால் இரண்டாவது வகையை மீட்க முடியும். ஆனால் அட்டவணையின் குறியேற்றத்தை அவசரத்தில் மாற்றினால் அதுவும் போகும். முழுக் காப்புப்பிரதி எடுத்துவிட்டு, தரவுத்தள நிர்வாகி ஒருவரை அழையுங்கள். இந்தக் கட்டுரையில் செலவு பாராமல் ஆளை அழைக்கச் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

## அறிகுறி 4: தட்டினால் தமிழ் வரவில்லை

### எந்தச் செயலியிலும் வரவில்லை

சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் க்னோம் திரைச்சூழலில் மொழி மாறும். மேல்பட்டையில் மொழிக்குறி மாறுகிறதா? மாறவில்லையென்றால் தமிழைச் சேர்க்கவில்லை என்று பொருள். டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகிய மூன்றிலும் ‘ஐபஸ்-எம்17என்’ பொதியை நிறுவி, ஒரு முறை வெளியேறி மறுபடி நுழையுங்கள். வெளியேறாமல் பட்டியலில் தேடி, தமிழ் இல்லை என்று கைவிடுகிறவர்கள் நிறைய. பிறகு அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் தமிழைச் சேர்க்கலாம்.

### தமிழ் வருகிறது, தமிழ்99 போல் நடந்துகொள்ளவில்லை

தமிழ்99 விசைப்பலகை முறையில் ‘அம்மா’ என்று எழுத நான்கே விசைகள்: ஏ, கே, கே, க்யூ. மகரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக வரும். உங்களுக்கு வரவில்லையென்றால் நீங்கள் சேர்த்திருப்பது உள்ளீட்டு முறையல்ல, வெறும் விசைப்பலகை அமைப்பு. பட்டியலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பெயரில் இருப்பதால் வரும் குழப்பம் இது. பெயரின் இறுதியில் ‘எம்17என்’ என்று இருப்பதே வேண்டியது. ‘தமிழ்நெட் 99’ என்று மட்டும் இருப்பது ஒரு விசைக்கு ஒரு குறி என்று தருமேயன்றி, முன்னால் என்ன தட்டினீர்கள் என்று பாராது. அதை நீக்கிவிடுங்கள்.

### தட்டத் தட்டக் கிறுக்கல் வருகிறது

மேலே சொன்ன அதே பட்டியலில் ‘டாப் என்கோடிங்’, ‘டிஸ்கி என்கோடிங்’ என்று இரண்டு பழைய அமைப்புகள் இன்னும் இருக்கின்றன. கை தவறி அவற்றில் ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். நீக்கினால் தீரும். அந்த அமைப்பில் தட்டிய பக்கங்கள் இருந்தால் மூன்றாம் அறிகுறிக்குப் போங்கள்.

### தமிழைச் சேர்த்த பிறகு நுழைவுக் கடவுச்சொல் ஏற்கப்படவில்லை

நுழைவுத் திரையில் விசைப்பலகை தமிழில் நிற்கிறது. திரையின் மூலையில் உள்ள மொழிக்குறியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள். உள்ளே சென்றதும் பட்டியலில் ஆங்கிலத்தை முதலாவதாக வையுங்கள். இதற்காகக் கணினியை அழித்து மறுநிறுவல் செய்தவரை எனக்குத் தெரியும். ஒரு சொடுக்கில் தீர வேண்டிய வேலை.

### சிலவற்றில் வருகிறது, சிலவற்றில் இல்லை

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். ஐபஸ், எஃப்சிடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுக் கருவிகள் இரண்டையும் நிறுவியிருக்கிறீர்களா? ஒன்றை நீக்குங்கள், டெபியன் வகைகளில் ‘ஐஎம்-கான்ஃபிக்’ கருவியில் மற்றதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, கேடிஇ பிளாஸ்மா திரைச்சூழலில் வேலண்ட் (திரையில் சாளரங்களைக் காட்டும் முறைகளில் ஒன்று) அமர்வில் இருக்கிறீர்களா? கணினி அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்ற பகுதியில் ஐபஸையோ எஃப்சிடிஎக்ஸ் 5ஐயோ தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் தொடுதிரைக்கு உரியது போல் இருப்பதால் யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. எலக்ட்ரான் என்ற செயலிக் கட்டமைப்பில் எழுதிய அரட்டைச் செயலிகளில் மட்டும் வரவில்லையென்றால், அவற்றைத் தொடங்கும் கட்டளையோடு ‘--எனேபிள்-வேலண்ட்-ஐஎம்இ’ சேர்த்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் உலாவியில் அந்தச் சேவையைத் திறந்து பயன்படுத்துங்கள். செயலியின் வழுப் பட்டியலில் ஒரு வழு பதியுங்கள். தமிழில் யாரும் புகார் சொல்லாதவரை அது திருத்தப்படாது.

## அறிகுறி 5: கண்ணெதிரே இருக்கும் சொல் தேடலில் அகப்படவில்லை

பௌர்ணமி என்று தேடுகிறீர்கள். பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறது, தேடல் இல்லை என்கிறது. கர்சரை முதல் எழுத்துக்குப் பின்னால் வைத்து பேக்ஸ்பேஸ் விசையை ஒரு முறை தட்டுங்கள். ‘ப’ மட்டும் நின்றால் ஒழுங்கான ஔகாரம். ‘பெ’ என்று நின்றால், தட்டியவர் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு ளகரம் தட்டியிருக்கிறார். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்று இறங்காதீர்கள். வெள்ளம், வெள்ளி, தெளிவு ஆகியவற்றில் வருவது உண்மையான ளகரம், அவையெல்லாம் கெடும். சொல் சொல்லாகத்தான் திருத்த வேண்டும்.

கொ, கோ போன்றவற்றில் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியிருந்தால் அது எளிது. ‘ஐசியு-டெவ்டூல்ஸ்’ பொதியில் உள்ள ‘யுகான்வ்’ கருவியை ‘-எக்ஸ் என்எஃப்சி’ என்று ஓட்டினால் அனைத்தும் ஒரே வடிவாகும். ஸ்ரீ மட்டும் அதற்கும் அடங்காது. 2005இல் யூனிகோடு 4.1இல் ‘ஶ’ என்ற தனி எழுத்து சேர்ந்த பின் அதை இரண்டு விதமாக எழுத முடிகிறது. பெயர்ப் பட்டியல் வைத்திருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து முழுவதையும் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: பிடிஎஃபில் தமிழ் அழகாகத் தெரிகிறது, நகலெடுத்தால் குப்பை

‘பிடிஎஃப்ஃபான்ட்ஸ்’ என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். வரும் பட்டியலில் ‘யுஎன்ஐ’ என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ‘நோ’ என்றிருந்தால் அந்த எழுத்துருவுக்கு யூனிகோடுப் பொருத்தம் கோப்பில் இல்லை. எந்தப் பிடிஎஃப் செயலியை மாற்றினாலும் அதே குப்பைதான் வரும். எழுத்துருப் பெயர் பாமினி போல் பழகிய பெயராக இருந்தால், நகலெடுத்த குப்பையை மூன்றாம் அறிகுறியில் சொன்ன மாற்றியில் போட்டுப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரிதான் வழி. டெசராக்ட் என்ற எழுத்துணரிக்குத் தமிழ்த் தரவு ‘டெசராக்ட்-ஓசிஆர்-டிஏஎம்’ என்ற பொதியில் இருக்கிறது. ‘ஓசிஆர்மைபிடிஎஃப்’ கருவியில் ‘-எல் டிஏஎம்’ என்று மொழியைக் கொடுங்கள். பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறது என்று அது மறுத்தால் ‘--ஃபோர்ஸ்-ஓசிஆர்’ சேர்க்க வேண்டும். தெளிவான அச்சில் பலன் நன்றாகவே இருக்கும். மங்கிய ஒளிநகலில் புள்ளிகள்தாம் முதலில் தவறும்.

## அறிகுறி 7: பென் டிரைவிலிருந்து நகலெடுத்தால் ‘கோப்பின் பெயர் மிக நீளம்’ என்கிறது

விண்டோஸில் நன்றாகத் திறந்த கோப்பு, லினக்ஸில் நகலாகவே மறுக்கிறது. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம் தருகிறது. ‘தமிழ்நாடு’ என்ற ஒரு சொல்லே 27 பைட். கணக்குப் போட்டால் 85 குறிகள், அதிலும் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். பென் டிரைவில் இருக்கும்போதே பெயரைச் சுருக்கிவிட்டு நகலெடுங்கள்.

## அறிகுறி 8: லிப்ரெ ஆபீஸில் எழுத்தின் அளவை மாற்றினாலும் தமிழ் அப்படியே நிற்கிறது

பாணி அமைப்பில் மேற்கத்திய எழுத்துக்கு ஓர் அளவும், சிக்கலான எழுத்தமைப்புக்கு வேறோர் அளவும் தனித்தனியே இருக்கின்றன. தமிழ் இரண்டாவதைச் சேர்ந்தது. டூல்ஸ் பட்டியில் ஆப்ஷன்ஸைத் திறந்து, மொழிப் பகுதியில் அந்த வகையை இயக்குங்கள். பாணியைத் திருத்தும்போது தமிழுக்கான எழுத்துருவும் அளவும் தனியே தோன்றும்.

## உதவி கேட்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

இவ்வளவுக்குப் பிறகும் தீராவிட்டால் காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களின் லினக்ஸ் பயனர் குழுக்களில் கேளுங்கள். தமிழிலேயே பதில் சொல்வார்கள். கேட்கும்போது வழங்கலின் பெயரும் பதிப்பும், க்னோமா பிளாஸ்மாவா, வேலண்டா எக்ஸ்11ஆ, எந்தச் செயலி என்பவற்றைச் சொல்லுங்கள். கிறுக்கலாகத் தெரியும் உரையைச் செய்தியில் நகலெடுத்து ஒட்டாதீர்கள். ஒட்டும்போது அது இன்னொரு முறை மாறிவிடும். திரையின் படம் ஒன்றும், நீங்கள் கை வைக்காத மூலக் கோப்பின் நகல் ஒன்றும் அனுப்புங்கள்.